சங்கு ஊதாத வருடத்து மழை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கோபம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், கோத்தகிரிப் பக்கத்து அந்தச் சரிவில் எங்களில் பாதிப் பேர் மண்ணுக்கடியில் கிடந்திருப்போம். இதைக் கொஞ்சம் அடக்கமாக எழுதம்மா என்கிறாள் என் பெரிய மகள். அடக்கமாக எழுதினால் யார் காதில் விழும்?

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய எஸ்டேட் வீடுகள். இங்கே பிறந்தவர்கள் லைன் என்பார்கள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த எங்களுக்கு அது லயம்தான். எங்கள் லயம் ஒரு செங்குத்தான சரிவின் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே தேயிலை, காலுக்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே ஓடை. வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. லயத்துக்குப் பின்னால், மேட்டுத் தண்ணீரை வாங்கி ஒதுக்கிவிடுவதற்காக வெட்டிய கால்வாய் ஒன்று உண்டு. அதைக் கான் என்போம். அந்தக் கான் எங்கள் வாசலை ஒட்டித் திரும்பித்தான் ஓடைக்கு இறங்கும். கானைத் தாண்டினால் ஓர் ஒற்றையடிப் பாதை. பாதை பக்கவாட்டில் ஏறி ஒரு பாறை மேட்டுக்குப் போகும். மேட்டின் மேல் தார் ரோடு, ரோட்டோரம் ஒரு மளிகைக் கடை.

வீட்டில் நான், என் கணவர், இரண்டு பெண் பிள்ளைகள். என் கணவர் கொழுந்து லாரியில் மூட்டை ஏற்றும்போது வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர். தடி ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். சமதரையில் கொஞ்ச தூரம் போவார். ஏற்றம் ஏற முடியாது. நாள் முழுக்க வாசல் குட்டிச்சுவரில் உட்கார்ந்து, எஸ்டேட்டுக்குக் கிழிந்த கொழுந்துச் சாக்குகளைக் கோணி ஊசியால் தைத்துக் கொடுப்பார். அவர் தையல் பிரிந்து நான் பார்த்ததில்லை.

தேயிலை விலை விழுந்த காலம் அது. பசுந்தேயிலைக்கு விலையே இல்லை என்று சின்னத் தோட்டக்காரர்கள் கொழுந்தைப் பறிக்காமல் விட்டார்கள். சிலர் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காரட் போட்டார்கள். எங்கள் எஸ்டேட்டில் முதலில் வேலை நாள் குறைந்தது, பிறகு ஃபேக்டரியைப் பூட்டினார்கள். ஆம்பளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயம்புத்தூர் கட்டட வேலைக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். லயத்தில் மிஞ்சியது பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள், என் கணவர். கானைத் தூர் வார ஆள் விடுவதையும் எஸ்டேட் நிறுத்திவிட்டது.

ஃபேக்டரி பூட்டியதும் சங்கும் நின்றது. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதற்கு, கூப்பிடுவது அந்தச் சங்குதான், சோற்றுக்கு விடுவதும் அதுதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதுகூட அந்தச் சத்தத்தை வைத்துத்தான். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அது செய்திருக்கிறது. ஒரு பெருமழையின்போது எங்கள் எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனில் மண் சரியப் போகிறது என்று தெரிந்ததும் விடாமல் சங்கை ஊதி, அந்த லயத்து ஆட்களை எல்லாம் வெளியே ஓட வைத்தார்கள். ஒரு உயிர் போகவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு ஒரே நம்பிக்கை: ஆபத்து வந்தால் சங்கு ஊதும், ஊதினால் ஓட வேண்டும், அதுவரை வீட்டுக்குள் இருக்கலாம்.

மழைக்காலம் நெருங்கிய ஒரு காலையில் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டதென்று கத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு அக்கா முறத்தோடு வாசலில் நின்றிருந்தாள்.

"அக்கா, இந்த மழைக்கு மேல மண்ணு விட்டா நமக்கு யாரு சொல்லுவா?" என்றேன்.

"இது என்னடி கேள்வி? சங்கு ஊதுவாங்க."

"யாரு ஊதுவா?"

"ஃபேக்டரில ஊதுவாங்க."

"ஃபேக்டரிதான் பூட்டிக் கெடக்கே. உள்ள எலியா உக்காந்து ஊதும்?"

அக்கா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "அது சும்மா நாளுக்குத்தான்டி பூட்டு. ஆபத்துன்னா ஊதாமலா இருப்பாங்க? நீ ஒண்ணு."

இதே பதிலை லயம் முழுக்கச் சொன்னார்கள். பூட்டிய பூட்டை அன்றாடம் பார்த்துக்கொண்டு போய்வருகிறவர்கள்தான். ஆனாலும் சங்கு ஊதும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் என் வீட்டையாவது நான் தயார் பண்ணிக்கொள்கிறேன் என்று இறங்கினேன்.

முதலில் கான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போனால், கான் இருந்த இடமே தெரியவில்லை. புல்லும் சேறும் மூடி, ஒருவர் அதன் மேலேயே பீன்ஸ் கொடி ஏற்றியிருந்தார். யார் என்று சொல்ல மாட்டேன், அவர் இன்னும் இருக்கிறார். கூலி வேலை கிடைக்காத நாளெல்லாம் வெட்டினேன். மூன்றாம் வீட்டுக்காரி வந்து, "எஸ்டேட் வேலையச் சும்மா செய்றியே, ஒனக்குப் பைத்தியமா?" என்று கேட்டாள். "ஆமா, பைத்தியந்தான். நீயும் ஒரு மண்வெட்டி எடுத்துட்டு வா" என்றேன். அவள் வரவில்லை. ஆனால் மறுநாள் அவள் வீட்டுக்கு நேரே இருந்த பகுதி மட்டும் சுத்தமாக இருந்தது. வீம்புக்காரிகள் எங்கள் ஆட்கள், வாயால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு வீட்டுக்குள். மூடி இறுகிய ஒரு பிஸ்கட் டின்னில் அரிசி, அவல், தீப்பெட்டி, மருந்து. ரேஷன் கார்டும், நாங்கள் சிலோனிலிருந்து வந்ததற்கான குடும்ப அட்டையும் பால் கவரில் சுற்றி அதே டின்னில். பெரியவள் டின்னைத் தூக்க வேண்டும், மறு கையில் சின்னவளைப் பிடிக்க வேண்டும், கீழே ஓடைப் பக்கம் இறங்கவே கூடாது, கானைத் தாண்டி மேட்டுக்கு ஏறிக் கடைக்குப் போய் நிற்க வேண்டும். வெயில் நாளிலும் தூறல் நாளிலும் பிள்ளைகளை ஓட விட்டேன். சின்னவள் இதை விளையாட்டாக்கிக்கொண்டு, கடைக்காரர் கொடுக்கும் மிட்டாய்க்காகவே ஓடினாள்.

கடைக்காரர் மேட்டுப்பாளையத்துக்காரர். பேச்சில் மரியாதை, கூடவே குசும்பு. நான் கயிறு வாங்கப் போனபோது, "ஏனுங்க அக்கா, இத்தன கயிறு எதுக்குங்க? ஊட்டையே கட்டி இழுத்துட்டு வந்துருவீங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

"ஊடு வராதுங்க. நாங்க வந்தா உங்க கடையில எடம் குடுப்பீங்களா?"

"அதென்னங்க அப்படிக் கேட்டுப்போட்டீங்க? கடைக்குப் பின்னால குடோன் கெடக்குதுங்க. வாங்க, எப்ப வேணாலும் வாங்க."

சங்குக்குப் பதிலாக வாசல் கூரையில் ஒரு பழைய இரும்புத் தகட்டைக் கட்டித் தொங்க விட்டேன். மண்வெட்டிக் காம்பால் அடித்தால் ஓடை வரைக்கும் கேட்கும். கான் எங்கள் வாசலை ஒட்டித்தான் ஓடுகிறது, என் கணவர் நாள் முழுக்க வாசலில்தான் இருக்கிறார். அதனால் கானைப் பார்ப்பது அவர் வேலை என்று சொல்லிவிட்டேன். கொட்டுகிற மழையில் கான் தண்ணீர் திடீரென்று குறைந்தால் மேலே மண் இறங்கி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தேயிலைக் காட்டில் வேலை செய்த எவருக்கும் இது தெரியும். என் கணவருக்கு அந்த வேலை பிடித்துப் போயிற்று. வருகிறவர் போகிறவர் எல்லாம் "என்ன, கோயில் மணியெல்லாம் கட்டியிருக்கீங்க, பூசை எப்ப?" என்று கேலி செய்தாலும், "மழை வரட்டும், பெரிய பூசையா போட்டுருவோம்" என்று சிரிப்பார்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அவரை எப்படி மேட்டுக்கு ஏற்றுவது?

ஆம்பளைகள் இருந்திருந்தால் கம்பளியில் போட்டு மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஆம்பளைகள் எல்லாம் திருப்பூரில். பெண்களுக்கு அவரவர் பிள்ளைகள், அவரவர் மாமியார். ஆக, நான்தான். ஈரக் கொழுந்துச் சாக்கை ஏற்றத்தில் சுமந்து பழகிய முதுகு இது. விழுந்த பிறகு அவரும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார். சிலோனில் என் அம்மா கொழுந்துக் கூடையைக் கயிறு போட்டு நெற்றியில் மாட்டிச் சுமப்பாள். அதே முறையில், கெட்டிச் சாக்கில் அவர் உட்கார ஒரு தூளி, தோளுக்கு இரண்டு பட்டை, நெற்றிக்கு ஒரு பட்டை. தைக்கிற வேலையை அவரிடமே கொடுத்தேன்.

நல்ல கெட்டித் தையலாகப் போட்டு முடித்தார். நான் கையில் வாங்கி விரித்துப் பார்த்தேன். கால் விடுகிற இரண்டு ஓட்டைகளும் சின்னச் சின்னதாக இருந்தன. அவர் கால் அதில் முழங்காலுக்கு மேல் நுழையாது.

"இதுல நீங்க எங்க உக்காருவீங்க?" என்றேன்.

அவர் ஊசியைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டார். "சின்னவ உக்காருவா. மழையில அவளால மேட்ட ஏற முடியாது. நீ அவளத் தூக்கிக்க. பெரியவ டின்ன எடுத்துக்குவா."

"நீங்க?"

"நான் தகட்ட அடிக்கணுமில்ல. அடிச்சுட்டு மெல்ல வாறேன்."

மெல்ல வருவாராம். அந்த மேட்டில், மழையில், தடியோடு. என் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பாவப் பாத்துட்டு நிக்கக் கூடாது, அம்மாவையும் நிக்க விடக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு" என்றாள். நான் கான் வெட்டப் போன நேரத்தில் எல்லாம் இந்த மனுஷன் தன்னை விட்டுவிட்டுப் போகப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அழுகையும் வந்தது. அழுதால் அவர் ஜெயித்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன். அருவாமனையை எடுத்துக்கொண்டு வாசலில் அவர் எதிரே உட்கார்ந்து, அவர் போட்ட தையலை ஒவ்வொன்றாக அறுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

"நல்ல சாக்கு, பாழாக்காத" என்றார்.

"நல்ல மனுஷன் பாழாப் போறத விடவா? இத பாருங்க. நீங்க இங்க உக்காந்தா நானும் பிள்ளைங்கள மேட்டுல விட்டுட்டுத் திரும்பி இங்கதான் வருவேன். இந்தக் கதவுகிட்டதான் நிப்பேன். ரெண்டு பேரும் போவோம். பிள்ளைங்க அந்தக் குடோன்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கட்டும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அறுத்துப் போட்ட சாக்கை நான் அவர் மடியில் எறிந்தேன். அன்று சாயந்தரம் வரைக்கும் அது மடியிலேயே கிடந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் தன் தொடையை ஒரு நூலால் அளந்துகொண்டிருந்தார்.

தூளி தயாராயிற்று. ஆனால் பழகிப் பார்க்க மட்டும் வர மாட்டேன் என்றார். பெண்டாட்டி முதுகில் ஏறிப் போவதை லயமே நின்று பார்க்குமே என்ற வெட்கம். எவ்வளவோ கத்தியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில், கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் மட்டும் என்று ஒத்துக்கொண்டார். கட்டிலிலிருந்து அடுப்பு வரைக்கும் தூக்கி நடந்தேன். என் தோளில் அவர் மூச்சு சுட்டது. "கனக்குதா?" என்றார். "வாய மூடிக்கிட்டு வாங்க, பேசுனா கனக்குது" என்றேன். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் கதவைத் திறந்து வாசலுக்குப் போகலாம் என்றதும் இறக்கிவிடச் சொல்லிவிட்டார். மழை வரும் நாளில் இந்த மனுஷன் ஏறுவாரா மாட்டாரா என்பதுதான் அதற்குப் பிறகு என் தூக்கத்தைக் கெடுத்தது. கான், டின், கயிறு எல்லாம் தயார். ஏற வேண்டியவர் மட்டும் தயாரா என்று தெரியவில்லை.

மழை வந்தது. ஊட்டிப் பக்கம் மரம் விழுந்து பஸ் நின்றது, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். நாள் கணக்காகக் கூரையில் ஒரே சத்தம். கான் நிறைந்து, செம்மண் நிறத்தில், பாய்ந்து ஓடியது. அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலை விட்டு நகரவில்லை. சோறு கூட அங்கேதான்.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இங்க வா" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன். மழை வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டிருந்தது, கானில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தகட்டை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பெரியவள் டின்னை எடுத்தாள், தங்கையின் கையைப் பிடித்தாள், கானைத் தாண்டி ஏறினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பெற்றதிலேயே நல்ல காரியம் அவள்தான் என்று அப்போது நினைத்தேன். சின்னவள் கேட்டால் சண்டைக்கு வருவாள்.

நான் வரிசையில் ஓடினேன். தகட்டுச் சத்தம் கேட்டு எல்லாரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். வந்து, அப்படியே நின்றார்கள். ஃபேக்டரி இருந்த திசையைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சங்கு ஊதலையேடி" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். என்ன கேட்டேன் என்பதை எழுத முடியாது. அவள் மாமியாரின் கையைப் பிடித்து நானே இழுத்தேன். "அதுதான் சங்கு. அந்த மனுஷன் அடிக்கிறாரே, அதுதான் சங்கு. கான் வத்திருச்சு, போய்ப் பாருங்க" என்றேன். மூன்றாம் வீட்டுக்காரி கானை ஒரு பார்வை பார்த்தாள், பிள்ளையை இடுப்பில் அள்ளினாள், "ஓடுங்கடி" என்றாள். அவள் ஓடியதும் எல்லாரும் ஓடினார்கள். அவளுக்கு அந்தப் பெருமையை நான் என்றைக்கும் கொடுப்பேன்.

எல்லோரும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் பாதையில் ஏற வேண்டும். கடைசி ஆளைத் தள்ளிவிட்டுக்கொண்டு நான் திரும்பி ஓடி வந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வர மாட்டேன் என்பார், நீ போ என்பார், இழுப்பேன், தடியைப் பிடுங்கி எறிவேன்.

அவர் குட்டிச்சுவரின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் தூளிக்குள். பட்டைகளை எனக்கு வாகாகத் தோளளவுக்கு விரித்து இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்திருந்தார். லயமே அவரைப் பார்த்துக்கொண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. தடியைத் தானே கானுக்குள் எறிந்திருந்தார்.

"என்ன நிக்கிற?" என்றார். "தூக்கு புள்ள."

முதுகைக் கொடுத்தேன். எழுந்தேன். கானைத் தாண்டினேன். அதற்குப் பிறகு ஏற்றம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, நெற்றிப் பட்டை அழுத்தியது ஞாபகம் இருக்கிறது, வழுக்கிய இடங்களில் எல்லாம் "வலது பக்கம் கல்லு இருக்கு, அதுல வை" என்று காதோரம் அவர் சொல்லிக்கொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது. பாறை மேட்டில் கால் வைத்தபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அது இடிச் சத்தம் இல்லை. மலையே தொண்டையைச் செருமியது போல இருந்தது. திரும்பிப் பார்த்தோம். மேல் சரிவு தேயிலைச் செடிகளோடு நின்ற வாக்கிலேயே நகர்ந்து வந்து லயத்தின் நடுவில் உட்கார்ந்தது. கூரைத் தகரம் எல்லாம் ஓடைக்குப் போயிற்று. அந்த இரும்புத் தகடும் போயிற்று.

ஆள் ஒருத்தர் போகவில்லை. குடோனில் எண்ணிப் பார்த்தோம், திரும்பவும் எண்ணிப் பார்த்தோம். பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் பிஸ்கட் டின்னில் இருந்த அவலைத்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஈரத்தோடு பங்கு வைத்தோம். பூட்டிய ஃபேக்டரியிலிருந்து அன்று சங்கு ஊதவே இல்லை.

அவரைச் சர்க்கரை மூட்டையில் சாய்த்து உட்கார வைத்துவிட்டுக் கேட்டேன். "வெளிய வரவே வெக்கப்பட்டீங்களே, இன்னைக்கு எப்படி ஏறுனீங்க?"

"நீ சாக்க அறுத்த பாரு, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றார். "நான் கீழ இருந்தா நீ திரும்பி வருவ. ஒன்னைய அந்த மேட்டுல ஏத்தறதுக்கு எனக்கு வேற வழி தெரியல."

நான் முந்தானையைப் பிழிந்து அவர் தலையைத் துவட்டிவிட்டேன். திட்டாமல் துவட்டினேன் என்பதை எங்கள் லயத்தில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

கடைக்காரர் எல்லோருக்கும் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டு எடுத்து வந்தார். என் கணவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார், நனைந்து கிடந்த தூளியைப் பார்த்தார்.

"ஏனுங்க, அக்கா உங்களையத் தூக்கிப்போட்டே வந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க?"

லயத்துப் பெண்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் அவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தூளியை இழுத்துத் தையலைத் திருப்பிக் கடைக்காரரிடம் காட்டினார்.

"ஆமாங்க. தச்சது நானு. ஒரு நூலு பிரியல, பாருங்க."